ஒரு எழுத்துகூட அழியாம போய்ச் சேர்ந்த கல்யாண போட்டோ

கல்யாண போட்டோவைச் சம்மந்தி ஊட்டுக்கு அனுப்போணும். அவ்வளவுதானுங்க வேலை.

என்ற தம்பி சதீசுக்கு இப்பத்தான் கல்யாணம் ஆச்சு. நாங்க கொல்லங்கோடு. பொண்ணு மலருக்கு, மூணாறு பக்கத்துல பள்ளிவாசல் எஸ்டேட்டு. ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல வேலை பாத்த எடத்துல பழக்கம். எங்கூட்டுல மொதல்ல ஒருத்தரும் ஒத்துக்கலை. எங்க பெரியப்பாதான் துண்டை உதறித் தோள்ல போட்டு, "பையனுக்குப் புடிச்சிருக்குது. உங்களுக்கென்ன?"ன்னு கேட்டு முடிச்சு வெச்சார்.

அதனால பெரியப்பா மனசு நோகற மாதிரி யாரும் ஒண்ணும் பண்ணக் கூடாது. இது எங்கூட்டுச் சட்டம்.

அந்தச் சட்டத்தை மீறுனது யாருன்னு நீங்களே கண்டுபுடிச்சிருப்பீங்க.

கல்யாணம் முடிஞ்ச கையோட மலர் எங்கிட்ட வந்தா. "மதினி, உங்க ஆளுக எல்லாரும் எனக்கு ஒண்ணு போலத் தெரியுதாக. யாரு யாரு, யார்கிட்ட எப்படி நடந்துக்கிடணும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

மதினின்னா நான்தான். மாப்பிள்ளைக்கு அக்கா. பதவி வந்ததும் எனக்குத் தலை கால் புரியலை!

போன்ல போட்டோவை மேல தள்ளுனா கீழ விவரம் எழுத ஒரு எடம் வருமுங்க. ஒவ்வொரு சொந்தக்காரங்க படமா எடுத்து அதுல எழுத ஆரம்பிச்சேன். மொறைய மட்டும் எழுதிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். புதுசா வந்த புள்ள பாவம், நாம பட்டதை அதும் படக் கூடாதுன்னு, ஒவ்வொருத்தர் குணத்தையும் ரெண்டு ரெண்டு வரி எழுதிப்போட்டேன்.

நடுவுல பால் பொங்குதுன்னு அடுப்படிக்கு ஓடிட்டு வந்து பாத்தா, மலர் என்ற போனைக் கையில வெச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்கறா. நாம எழுதுனது அவ்வளவு நல்லா இருக்குதாட்ட இருக்குதுன்னு எனக்கு ஒரே பெருமை.

நிக்க.

அந்த வாரமே மலரோட அம்மா பள்ளிவாசல்ல இருந்து போன் பண்ணுனாங்க. "தாயி, கல்யாண போட்டோவை யாரு என்ன பேருன்னு எழுதி அனுப்பி விடு. ஞாயித்துக்கெழமை விருந்துக்கு வாரீகல்ல, பேரு தெரியாம முழிக்கக் கூடாது."

வாட்சப்புல ஒவ்வொரு படத்துக்கும் அடில பேரும் மொறையும் மரியாதையாத் தட்டி அனுப்புனேன். நான் மலருக்கு எழுதுன குறிப்பு எதுவும் அதுல போகலை. போகாதுன்னு எனக்குத் தெரியும். அது என்ற போனுக்குள்ள எழுதுனது, போட்டோவுக்குள்ள இல்லைன்னு என்ற கணக்கு.

ரெண்டு நாள்ல மறுபடியும் போன். மலரோட அம்மாவை நான் அத்தைன்னுதான் கூப்பிடறது. அத்தை கொரல்ல ஒரே சந்தோசம். "மொத மரியாதை உங்க பெரியப்பாவுக்குத்தான் தாயி. பொன்னாடை எடுத்தாச்சு. அந்த முறுக்கு மீசையும், கையில கரண்டியுமா நிக்காகளே! எவ்வளவு பெரிய மனுசன், பந்தியில நின்னு பரிமாறுதாரேன்னு இங்க எல்லாருக்கும் அதிசயம்."

"அத்தை... அது சமையக்காரருங்க."



விசாரிச்சா, அவங்க படத்தையெல்லாம் எடுத்துத் தனியாச் சேத்து வெச்சிருக்காங்க. படம் மட்டும் வந்திருக்குது. அடில நான் எழுதுன பேரு அங்கயே நின்னுபோச்சு. அப்புறம் அவங்களாப் பாத்து, மீசை இருக்கறவரு பெரியப்பா, மாலை போட்டிருக்கறவரு மாமான்னு முடிவு பண்ணியிருக்காங்க!

"என் தம்பி முத்துப்பாண்டி ஒவ்வொருத்தர் படமா டிவியில போட்டு, பேரு படிச்சு, மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்தணும்னு நிக்கான். பேரு படத்தோடயே ஒட்டிக்கிட்டு வர மாதிரி அனுப்ப வழி இருக்கா தாயி?"ன்னாங்க.

எங்க பெரியப்பாவுக்குப் போட வேண்டிய பொன்னாடை சமையக்காரருக்குப் போயிருந்தா! நேரா கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோ ரவிண்ணன்கிட்டப் போனேன்.

அவரு வெலாவாரியாச் சொன்னார். "வாட்சப்புல சும்மா அனுப்புனா படத்தைச் சுருக்கிப்போடும் அம்மணி. உள்ள எழுதுனதெல்லாம் உதுந்து போயிரும். படத்துக்குள்ளயே பேரை எழுதி, டாக்குமெண்டா அனுப்போணும். அப்ப உள்ள என்ன இருக்குதோ அப்படியே போகும்."

"அதேதாங்கண்ணா வேணும்!"

போனைக் குடுத்தேன். படத்தையெல்லாம் அவரு கம்ப்யூட்டர்ல ஏத்துனார். நான் பேரைச் சொல்லச் சொல்ல அவரு தட்டுனார். நடுவுல ரெண்டு மூணு தடவை நின்னு என்னை ஒரு மாதிரி பாத்தார். ஒருக்கா இருமுனார்.

"அம்மணி, இதுல உள்ள ஏற்கெனவே கொஞ்சம் எழுதியிருக்குதுங்க. அதும் போகட்டுங்களா?"

படம் எடுத்த தேதி, நேரம் அதைத்தான் சொல்றாருன்னு நெனச்சேன். "எல்லாம் போகட்டுங்கண்ணா. ஒரு எழுத்து அழியக் கூடாது!"

"ஒருக்கா பாத்துப்போடறீங்களா?"

"எங்கீங்கண்ணா நேரம்? ஊட்டுல ஆளுக வந்து உக்காந்திருக்காங்க."

"செரீங்க"ன்னு சொல்லி, அத்தைக்கு அனுப்பிப்போட்டு அவரு மூஞ்சிய அக்கட்டால திருப்பிட்டார். தோள் மட்டும் குலுங்குச்சு. சளி புடிச்சிருக்குதாட்ட இருக்குதுன்னு, சுக்குக் காப்பி குடிங்கண்ணான்னு வேற சொல்லிட்டு வந்தேன்.

ஞாயித்துக்கெழமை விடியக்காலமே வேன் ஏறுனோம். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர்னு வளைவு வளைவா ஏறி, பாதிப்பேரு வாந்தி எடுத்து, மீதிப்பேரு அவங்களைத் திட்டி, ஒருவழியா பள்ளிவாசல் போய்ச் சேர்ந்தோம். எஸ்டேட்டு ஹால்ல தோரணம் என்ன, சந்தனம் என்ன! மேடைல நெம்பப் பெரிய டிவி. பக்கத்துல மைக்கோட முத்துப்பாண்டி மாமா.

அவரு மலரோட தாய்மாமன். யூனியன் கூட்டம்னாலும் கோயில் கொடைன்னாலும் அங்க மைக்கு அவரு கையிலதான். எழுதியிருக்கறதை ஏத்த எறக்கத்தோட படிக்கறது அவரு வேலை. அர்த்தம் என்னன்னு பாக்கறது கேக்கறவங்க வேலை.

அந்த டிவில என்ன வசதியோ தெரியலை, படத்துக்குள்ள என்ன எழுதியிருந்தாலும் அடில பெரிய எழுத்துல போட்டுக் காட்டுது.

மொதப் படம் வந்துச்சு. எங்க பெரியப்பா, பட்டு வேட்டில கம்பீரமா நிக்கறார். முத்துப்பாண்டி மாமா தொண்டையச் சரி பண்ணுனார்.

"அன்னா வாராக பாருங்க! மாப்பிள்ளையோட பெரியப்பா, உயர்திரு ராமசாமி அவர்கள்!"

ஒரே கைதட்டு. பெரியப்பா எந்திரிச்சு மேடைக்கு நடந்தார். மாமா நிறுத்தலை. கீழ இன்னும் எழுதியிருக்குதே!

"ஒரு வாய் டீ போதும்னு உக்காருவார்! பொழுது சாயற வரைக்கும் அந்த ஒரு வாய் முடியாது! தோட்டத்துல மோட்டார் ஓடிட்டிருக்குதுன்னு சொன்னாத்தான் எந்திரிச்சுப் போவார்!"

பெரியப்பா மேடைப் படியிலயே நின்னுட்டார்.

அது நான் எழுதுனது. மலருக்குன்னு என்ற கையால எழுதுனது!

அந்தப் பக்கம் மலரைப் பாத்தேன். முந்தானையை வாயில வெச்சுட்டுக் குனிஞ்சவ நிமிரவே இல்லை. சதீசு மேல சுத்தற ஃபேனையே பாத்துட்டிருந்தான். என்ற ஊட்டுக்காரர் காதுக்கிட்ட வந்து, "வேன் சாவி டிரைவர்கிட்ட இருக்குது. வாங்கியாரட்டா?"ன்னார்.

பெரியப்பா பொன்னாடையை வாங்கித் தோள்ல போட்டார். மேடைலயே ஓரமாப் போட்டிருந்த சேர்ல உக்காந்தார். மூஞ்சி கல்லாட்டம் இருந்துச்சு. இனி அவரு எந்திரிச்சு நடந்தா, எங்க சனம் மொத்தமும் பின்னாலயே நடக்கும். விருந்தும் போச்சு, சம்மந்தமும் போச்சு.

நான் டிவி ஒயரைப் புடுங்கப் பாஞ்சேன். அதுக்குள்ள அடுத்த படம் வந்துருச்சு. எங்க வேலந்தாவளம் மாமா. மாட்டு யாவாரம்.

"மாப்பிள்ளையோட தாய்மாமன், உயர்திரு பழனிச்சாமி அவர்கள்! மாட்டைப் பாத்தாலும் மனுசனைப் பாத்தாலும் மொதல்ல பல்லைத்தான் பாப்பார்! முன்னாடி நின்னு சிரிச்சுராதே, வெலை பேசிருவார்!"

மேடைக்கு ஏறிட்டிருந்த மாமா, வாயைப் படக்குன்னு மூடிக்கிட்டார்.

'கக்'குன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, எங்க பெரியப்பா! அடக்கிப் பாத்தார், முடியலை. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிக்கறார்! அவருக்கும் வேலந்தாவளம் மாமாவுக்கும் எப்பவுமே ஒரு இதுங்க.

நான் அதுக்குள்ள ஒயர்கிட்டப் போயிட்டேன்.

"கோகிலா!"ன்னார் பெரியப்பா. "கையை எடு. சம்மந்தி, நீங்க படிங்க. எனக்கு மட்டும் படிச்சுப்போட்டு நிறுத்துனா என்ன ஞாயம்? ஒருத்தரை உடாதீங்க!"

பெரியப்பா உத்தரவு. முத்துப்பாண்டி மாமா இன்னும் ரெண்டு படி கொரலை ஏத்துனார்.

"சின்னத்தை! எந்தக் கொழம்பு வெச்சாலும், நல்லாத்தான் இருக்குது ஆனா-ன்னு ஆரம்பிப்பாங்க! அந்த ஆனா வர்றதுக்குள்ள எலையை எடுத்துரு!"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"னு சின்னத்தை கத்துனாங்க. "எழுதுனது நல்லாத்தான் இருக்குது, ஆனா..."

மிச்சம் கேக்கலை. ஹாலே அதிர்ந்து போச்சு.

"சித்தப்பா! ஒரு பாட்டுப் பாடட்டுமான்னு கேப்பார்! பதில் சொல்லத் தேவையில்லை! அவரு அதுக்குள்ள பாட ஆரம்பிச்சிருப்பார்!"

சித்தப்பா மேடை ஏறிப் பொன்னாடையை வாங்குனார். அப்படியே மைக்கையும் வாங்கப் பாத்தார். முத்துப்பாண்டி மாமா தரலை.

எஸ்டேட்டுப் பசங்க பின்னால இருந்து "அடிபொளி! அடிபொளி!"ன்னு விசில் அடிக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க குறிப்பு வரும்போது மட்டும் மூஞ்சி செவக்குது. அடுத்தவங்களுது வந்ததும் அவங்கதான் சத்தமாச் சிரிக்கறாங்க. தப்பிச்சோம்டா சாமின்னு நான் மூச்சு உட்டேன்.

கடைசியா ஒரு படம் வந்துச்சு. பச்சைப் பட்டுச் சேலை. நான்!

இதுக்கு நான் ஒண்ணும் எழுதலையே! என்னைப் பத்தி நானே எதுக்கு எழுதறேன்?

"மாப்பிள்ளையோட அக்கா, கோகிலா அவர்கள்! எங்க மதினி! தங்கமான மனசு! யாரைப் பத்திக் கேட்டாலும் ஒளிக்காமச் சொல்லிருவாக! அதனால நம்ம ரகசியம் ஒண்ணைக்கூட இவுககிட்டச் சொல்லிறக் கூடாது!"

பால் பொங்கி நான் உள்ள போன நேரத்துல மலரு பாத்த வேலை!

அன்னிக்கு யாருக்கும் விழாத கைதட்டு எனக்கு விழுந்துச்சு. பெரியப்பா எந்திரிச்சு நின்னு தட்டுனார். "எங்கூட்டுக்கு ஏத்த மருமகதான்!"னு மலரைப் பாத்துச் சொன்னார். கல்யாணத்தை முடிச்சு வெச்சாலும், பெரிய மனுசத் தோரணைல இத்தனை நாள் அந்தப் புள்ளைகிட்ட நேருக்கு நேர் பேசாதவர். நான் தலையைக் குனிஞ்சுட்டே போய்ப் பொன்னாடையை வாங்கிட்டு வந்தேன்.

சாப்பாட்டுல அத்தை எனக்குன்னு தனியாப் பாயாசம் ஊத்துனாங்க. "எங்க ஆளுகளுக்கும் இப்படி ஒண்ணு எழுதிக் குடேன் தாயி. முத்துப்பாண்டியில இருந்து ஆரம்பி."

எல்லாம் சுபம்னு வேன் ஏறுனேன். ஏறிப் பாத்தா, எங்க பெரியம்மா மட்டும் என்ற பக்கம் திரும்பாம ஜன்னலைப் பாத்து உக்காந்திருக்காங்க. கூப்பிட்டேன். பேசலை. மறையூர் தாண்டியும் பேசலை.

"பெரியம்மா, உங்களைப் பத்தி நான் தப்பா ஒண்ணும் எழுதலையே! 'பெரியம்மா. நல்லவங்க'ன்னுதானே எழுதியிருந்தேன்?"

அவங்க வெடுக்குன்னு திரும்புனாங்க. கண்ணுல தண்ணி.

"எல்லாருக்கும் அத்தனை வரி எழுதியிருக்கறே. எனக்கு மட்டும் நல்லவங்க! அதைப் படிக்கையில ஒருத்தராச்சும் சிரிச்சாங்களா? நான் மேடைக்குப் போனதும் தெரியலை, எறங்குனதும் தெரியலை! இத்தனை வருசமா இந்தக் குடும்பத்துல கெடக்கறேன். எங்கிட்ட ஒரு குத்தங்கூட உன்ற கண்ணுல படலியா?"

வேன்ல இருந்த அத்தனை பேரும் அவங்க பக்கம் சேந்துட்டாங்க. "பெரியம்மாவுக்கு இப்படிப் பண்ணிப்போட்டியே கோகிலா!"ன்னு பெரியப்பாவே கேட்டார்.

இப்பத் தெனமும் போன் பண்றாங்க. அவங்ககிட்ட ஒரு குத்தம் கண்டுபுடிக்க நானும் முட்டி மோதறேன், சிக்க மாட்டேங்குது.

நான் கத்துக்கிட்டது ஒண்ணுதானுங்க: சொந்தத்துல எல்லாரையும் கேலி பண்ணிக்கலாம், ஒருத்தரை மட்டும் நல்லவங்கன்னு சொல்லிறக் கூடாது.