ஆர்வில் மாமாவின் வாளி சிவந்த விவரம்

மதிப்பிற்குரிய ஆர்வில் மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் தோரா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், கோழிகள் எல்லோரும் சுகம். நீங்களும் லோயிஸ் அத்தையும் அவ்விதமே இருக்க விரும்புகிறேன். மடங்க மறுக்கும் உங்கள் முழங்காலைத் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

நேரில் என்றால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நான் வாயடைத்து நிற்பேன், ஆகவே கடிதம். பண்ணை ஏலத்தில் அந்தப் பழைய காங்கிரீட் கலவை இயந்திரத்தை நான் எடுத்த அன்று, "ஏண்டி தோரா, வீடு கட்டப் போறியா, இல்ல யாரையாச்சும் பொதைக்கப் போறியா?" என்று கூட்டமே திரும்பிப் பார்க்கக் கேட்டீர்கள். துப்பாக்கியால் சுட்டதும் தெறித்து விழும் பித்தளைத் தோட்டாக் கூடுகளைக் கழுவி, மறுபடி மருந்து நிரப்பிச் சுடுவதற்கு, மேசைமேல் வைத்துச் சுழற்றும் சின்ன உருளை போதும் என்பது உங்கள் கட்சி. அப்பாவோ, "விடுங்க மச்சான், சொன்னா கேக்கமாட்டா, உங்க வீட்டு ரத்தம்" என்று முடித்துவிட்டார். என் கவலை வேறு. கடையில் புதுக் கூடு கிடைப்பதில்லை. நம் துப்பாக்கிச் சங்க மைதானத்தில் நான் துப்பாக்கியை உறையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் என் கூடுகளில் பாதி மாயமாகிவிடும். எல்லோருடையதும் ஒரே அளவு, ஒரே மஞ்சள். எதைக் காட்டி என்னுடையது என்பேன்? இப்படியே போனால் ஆகஸ்ட் போட்டியில் நான் வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே கையிலிருந்த கூடுகளையெல்லாம் ஒரேயடியாகக் கழுவிவிடலாமென்று கலவை இயந்திரத்தில் கொட்டினேன். தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, அழுக்கைத் தேய்த்தெடுக்க எஃகு ஊசித் துண்டுகள், ஜாமுக்குப் போடும் எலுமிச்சை உப்பு. உப்பை நான் போட்டேன்; நான் மறந்திருப்பேன் என்று அம்மாவும் போட்டாள்; பெண்கள் இருவரும் மறந்திருப்பார்கள் என்று அப்பாவும் போட்டார். நுரை கொட்டகையைத் தாண்டிப் போய்க் கோழிகளைக் கழுவியது. உள்ளே பார்த்தால் பித்தளை முழுக்கக் கைக்குழந்தையின் ஈறு நிறத்தில் இளஞ்சிவப்பாகியிருந்தது. எத்தனை முறை அலசியும் போகவில்லை. வெட்கமாக இருந்தாலும் வேறு கூடு இல்லாததால் அதிலேயே மருந்து நிரப்பி, சனிக்கிழமை பயிற்சிக்கு வந்து, யார் முகத்தையும் பாராமல் சுட்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. சங்கச் செயலாளர் வெண்டெல், நீங்கள் கூடு பொறுக்கிப் போடும் வாளியை எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆர்வில், உன் வாளி வெக்கப்பட்டுச் செவந்து கெடக்கு?"

"வெயில் பட்டா பித்தளை அப்பிடித்தான் ஆகும்."

"அடியில உன்னோடது மஞ்சளா இருக்கே. அதுக்கு மட்டும் கொடை பிடிச்சியா?"

அதற்குள் லோயிஸ் அத்தை வந்து, "முழங்கால் மடங்கலன்னு உங்க பூட்ஸ் நாடாவ நாலு வருஷமா நான் கட்டி விடுறேன். கூடு பொறுக்க மட்டும் எப்பிடிங்க மடங்குது?" என்றாள். நீங்கள் வானத்தில் ஏதோ பருந்தைத் தேடினீர்கள். நான் மண்டியிட்டு உங்கள் வாளியிலிருந்து இளஞ்சிவப்பையெல்லாம் பொறுக்கிக்கொண்டேன். அவ்வளவு நிறைவாக நான் எந்த வேலையையும் முடித்ததில்லை. ஆகஸ்டில் சுடுகிறேன், மாமா. இனி என் கூட்டை யாரும் தொட முடியாது.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கண்ணும் கையும் நெடுநாள் திடமாக இருக்கட்டும். இனி நாடாவை நீங்களே கட்டிக்கொள்ளலாம்.

வணக்கத்துடன்,
தோரா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வெளியே சத்தம். அவரவர் கூடுகளும் களவு போகாதிருக்க வேண்டுமென்று, அவற்றையும் சிவப்பாக்கித் தரச் சொல்லி சங்கமே மூட்டைகளோடு வந்திருக்கிறது. அப்பா உற்சாகத்தில் எல்லாவற்றையும், என்னுடையதையும் சேர்த்து, ஒன்றாகக் கொட்டிச் சுழலவிட்டுவிட்டார். தயவுசெய்து உடனே புறப்பட்டு வாருங்கள். எது யாருடையது என்று பார்த்ததும் சொல்லக்கூடியவர் இந்த மாவட்டத்தில் எல்லோர் கூட்டையும் பொறுக்கிப் பழகிய நீங்கள் ஒருவர்தான்.