சாயக்காரரின் செவ்வாய்க்கிழமை

மனைவியோடு உட்கார்ந்து பூரி சாப்பிடுவதை ஓர் உத்தியோகம் மாதிரி, லீவு போடாமல், தாமதமாக வராமல், முழுப் பொறுப்போடு செய்த மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் ஆரணியில் இருந்தார். அந்த உத்தியோகத்துக்கு நடுவில் புகுந்து அவரைக் கூட்டி வரும்படி என் முதலாளி ஒருமுறை என்னை அனுப்பினார். போனவன் என்ன ஆனேன் என்று சொல்வதற்கு முன்னால், அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஆரணியில் ஒரு பட்டுச்சேலை வியாபாரியிடம் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் கடையின் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுத்தவரை ஊரே சாயக்காரர் என்றுதான் கூப்பிடும். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. முழங்கை வரைக்கும் ஒரு நிறம், அதற்கு மேல் சொந்த நிறம். எந்தச் சோப்புக்கும் அந்தக் கைகள் அடங்கியதில்லை. திங்கட்கிழமை கிளிப்பச்சை போட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை பச்சைக் கையால்தான் நமக்குக் கும்பிடு கிடைக்கும். அடுத்த மாதம் எந்த நிறச் சேலை கடைக்கு வரும் என்பது முதலாளிகளுக்கு முன்னால் டிபன் கடை சர்வர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு கல்யாண சீசனில் அவருடைய வலது கை அரக்கு, இடது கை மாம்பழ மஞ்சள். அவர் தெருவில் வருவதைப் பார்த்த வெளியூர் வியாபாரி ஒருவர், "இந்தச் சேர்க்கை நல்லா இருக்கே" என்று அந்தக் கைகளைக் காட்டியே பத்துச் சேலைக்கு ஆர்டர் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை சாயம் காய்ச்சினால் நிறம் நிற்காது என்று சாயக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மற்றப் பட்டறைகளில் செவ்வாய்க்கிழமையும் அண்டா கொதித்தது. நிறமும் நன்றாகவே நின்றது. அதைச் சுட்டிக் காட்டினால், "அவங்களுக்கு நிறம் நிக்கும். எனக்கு வூட்டுக்காரம்மா நிக்க மாட்டாங்க" என்பார்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் இருவரும் வெளியே போகும் நாள். எங்கே போவது, எதில் போவது, என்ன சாப்பிடுவது எல்லாம் அந்த அம்மாளின் முடிவு. அதனால் சாயக்காரர் மனைவியை மேனேஜர் என்று கூப்பிடுவார். நாளடைவில் காய்கறிக்காரி முதல் தபால்காரர் வரை எல்லாருக்கும் அவர் மேனேஜர்தான். ஒரு வாரம் ஆற்று மணலில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலை. ஒரு வாரம் பஸ் ஏறி தேவிகாபுரம் கோயில். ஒரு வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்ட் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஐஸ் தின்றபடி யார் யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று பார்ப்பது. கடைசியாகச் சொன்னதையும் அவர்கள் வெளியூர்ப் பயணக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஆரணியில் புருஷன் முன்னால் பத்தடி, பெண்டாட்டி பின்னால் பத்தடி. டிபன் கடைக்குப் பெண்கள் வந்தால் பின்பக்கம் திரை போட்ட ஓர் அறை உண்டு. அங்கே காற்று வராது. ஆனால் சாம்பார் வாளி, துடைப்பம், சர்வர்களின் சட்டை எல்லாம் இருக்கும். முதல் தடவை சர்வர் திரையை விலக்கிக் காட்டியபோது சாயக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்க இன்னா திருடிகினா வந்தோம்?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு மேனேஜரைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லாவுக்கு எதிரே, தெருவைப் பார்த்த முதல் மேஜையில் உட்கார்ந்தார். கடைக்காரர் நெளிந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திப் பார்த்தார்கள். இருவரும் ஆளுக்கு மூன்று பூரியும் ஒரு நெய் தோசையும் நிதானமாகச் சாப்பிட்டார்கள். ஆறேழு வாரத்தில் பார்ப்பவர்களுக்குச் சலித்துப்போனது. அப்புறம் அந்த மேஜையில் செவ்வாய்க்கிழமை காலையில் வேறு யாரும் உட்காரக் கூச்சப்பட்டார்கள்.

சினிமாவுக்கும் போவார்கள். ஆனால் இடைவேளையோடு வந்துவிடுவார்கள். போண்டா சூடாகக் கிடைப்பது இடைவேளையில்தான், அதற்குப் பிறகு படத்தில் எல்லாரும் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பது மேனேஜரின் கட்சி. மீதிக் கதையை வீட்டுக்கு நடந்து வரும் வழியில் இருவரும் சேர்ந்து முடிப்பார்கள். அவர் வில்லனைத் திருத்திவிடுவார். அந்த அம்மாள் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருமுறை கதாநாயகியை யாருக்குக் கட்டிக் கொடுப்பது என்பதில் தகராறு முற்றி, இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வேலூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் மயில்கழுத்து நிறத்தில் சேலைகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். புதன்கிழமை காலையில் வந்து, சாயம் போட்ட நூலைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டரை முடிவு செய்வார்களாம். இந்தச் செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை காலையில். முதலாளி என்னைக் கூப்பிட்டு, சாயக்காரரை ஜல்தியாகக் கூட்டி வரச் சொன்னார். வரவில்லை என்றால் இனி நம் கடை நூல் அவருக்குக் கிடையாது என்பதையும் சொல்லிவிடச் சொன்னார். சாயக்காரர் வீட்டு அடுப்பு எரிந்ததே பெரும்பாலும் எங்கள் கடை நூலால்தான். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நான் போனபோது அவர்கள் முதல் மேஜையில் இருந்தார்கள். மேனேஜர் பக்கத்தில் ஒரு தூக்குச்சட்டியும் துணிப்பையும் இருந்தன. அன்றைக்குப் படவேடு போகிறார்களாம். விஷயத்தைச் சொன்னேன். முதலாளியின் கடைசி வாக்கியத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சாயக்காரர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார்.

"அந்தக் கட போனா வேற கட இருக்குது. இந்த பஸ்ஸு போனா அடுத்தது சாயந்திரந்தான்" என்றார்.

சாயக்காரர் இன்னும் இரண்டு பூரி வாங்கி அவசரமாகச் சாப்பிட்டார். அப்போது பயமே இல்லையா என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். "பயந்தான். அதனாலதான் ரெண்டு பூரி கூடப் போச்சு" என்றார்.

பஸ் ஸ்டாண்ட் வரை பேசிக்கொண்டே வரும்படி சொன்னார். வந்தேன். மேனேஜருக்கு இடம் பிடிக்கத் தூக்குச்சட்டியோடு என்னை உள்ளே ஏறச் சொன்னார். ஏறினேன். இடம் பிடித்து, ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து, "நாளைக்காவது..." என்று நான் ஆரம்பித்தபோது பஸ் ஊரைத் தாண்டிவிட்டிருந்தது. கண்டக்டரை நிறுத்தச் சொல்லலாம் என்று திரும்பினால், சாயக்காரர் எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கியிருந்தார்.

வழியில் மேனேஜர் என்னை விசாரித்தார். கல்யாணமாகி எத்தனை மாதம் என்று கேட்டார். எட்டு மாதம் என்றேன். எங்கெல்லாம் கூட்டிப் போனாய் என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, மாமியார் வீட்டுக்கு என்றேன். அந்த அம்மாள் துணிப்பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

படவேட்டில் ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு, வாழைத்தோட்டத்து ஓரமாக ஒரு புங்கமர நிழலில் உட்கார்ந்தோம். எதிரே ஜவ்வாது மலை. தூக்குச்சட்டியைத் திறந்ததும் புளியோதரை வாசனை வந்தது. தனியாக உருளைக்கிழங்கு வறுவல், வேர்க்கடலைத் துவையல். வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரியும். போன வேலை போனதுதான், பசியாவது ஆறட்டும் என்று இலையை வாங்கிக்கொண்டேன். மூன்றாவது கவளத்தின்போது மண்சாலையில் புழுதி கிளம்பியது. எங்கள் முதலாளியின் அம்பாசடர்.

இறங்கியவர் நேராக என்னிடம் வந்தார்.

"உன்னை எதுக்கு அனுப்பினேன்?"

"இவரைக் கூப்புட்டுகினு வரச் சொன்னீங்க."

"இப்ப இன்னா பண்ணிகினு இருக்குற?"

இலையை மறைக்க வழியில்லை. "சாப்புட்டுகினு இருக்கேங்க" என்றேன்.

அப்போது காரின் பின்கதவு திறந்து முதலாளியம்மா இறங்கினார். நாங்கள் போன இடத்தை டிபன் கடையில் விசாரித்துக்கொண்டு வந்த முதலாளி, சாயக்காரரைப் படவேட்டுக்கே போய் இழுத்து வருகிறேன் என்று வீட்டில் கத்தியிருக்கிறார். படவேடு என்ற ஊர்ப் பெயர் மட்டும் அந்த அம்மாள் காதில் விழுந்திருக்கிறது. கோயிலுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருப்பதாகச் சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் காரில் ஏறிவிட்டாராம். இதையெல்லாம் டிரைவர் எனக்குப் பிறகு சொன்னார்.

முதலாளி கோபத்தைத் தொடர வாயைத் திறந்தார். அதற்குள் மேனேஜர், "வாங்கம்மா, உக்காருங்க" என்று இன்னொரு இலையை விரித்துவிட்டார். முதலாளியம்மா உட்கார்ந்துவிட்டார். மனைவி சாப்பிட உட்கார்ந்த பிறகு நின்றுகொண்டு கத்துவது முதலாளிக்கு வரவில்லை. இரண்டு முறை மலையைப் பார்த்தார். அப்புறம் துண்டை விரித்து அவரும் உட்கார்ந்தார்.

பேச்சுவாக்கில் முதலாளியம்மா, வாராவாரம் இப்படிக் கிளம்ப எப்படி மனசு வருகிறது என்று மேனேஜரிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மேனேஜர் வறுவலைப் பரிமாறிக்கொண்டே சொன்னார். கல்யாணமாகி வந்த வீட்டில் பதினான்கு பேர். ஆண்கள் முதல் பந்தி, பிள்ளைகள் அடுத்தது, பெண்கள் கடைசி. பதினோரு வருஷம் சாயக்காரர் சாப்பிட்டதை அந்த அம்மாள் பார்த்ததுண்டு, அந்த அம்மாள் சாப்பிட்டதை சாயக்காரர் பார்த்ததில்லை. பாகம் பிரிந்து தனி வீட்டுக்கு வந்த அன்று முதல்முறையாக எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"அன்னிக்குதான் இவரு கேட்டாரு, 'உனக்குக் காரம்னா புடிக்குமா'ன்னு. ரெண்டு பொண்ணு பெத்தப்பறம் கேக்கறாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. இவரு அழுதுட்டாரு. அது ஒரு செவ்வாக்கெழம."

சாயக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. தம் நீலக் கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

முதலாளியம்மா, "எனக்கு இனிப்புதான் புடிக்கும்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. முதலாளி இலையைப் பார்த்தபடி, "தெரியும்" என்றார். அவருக்குத் தெரியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

புறப்படும்போது சாயக்காரர் தாமாகவே பேச்சை எடுத்தார். "நூல் எங்கயும் ஓடிப் போவாது மொதலாளி. நாளைக்கு விடிஞ்சதும் அண்டா வெக்கறேன். மத்தியானம் உங்க கைல இருக்கும். வேலூர்க்காரங்கள அதுவரிக்கும் சும்மா உக்கார வெக்காதீங்க. நல்லா டிபன் வாங்கிக் குடுங்க."

அவர்கள் இருவரும் பஸ்ஸில்தான் திரும்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜரின் திட்டத்தில் காருக்கு இடமில்லை. நான் காரின் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், மூச்சு விடாமல் வந்தேன். முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. பாதி வழியில் காரை நிறுத்தச் சொல்லி ஒரு மிட்டாய்க் கடையில் இறங்கினார். என்ன வாங்குவது என்று தெரியாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் வேலூர்க்காரர்கள் வந்தார்கள். வியாபாரத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கவே மூன்று தடவை யோசிக்கிற எங்கள் முதலாளி அவர்களை டிபன் கடைக்கு அனுப்பினார். நெய் தோசை சாப்பிட்டு, ஆற்றுப் பக்கம் போய்க் காலாற நடந்துவிட்டு, முகம் தெளிந்து திரும்பி வந்தார்கள். நூல் வந்தபோது இன்னும் ஈரம் முழுக்கக் காயவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பேரம் பேசவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் அரை நாள் லீவு கேட்டேன். எதற்கு என்று முதலாளி கேட்கவில்லை. வாசலில் அம்பாசடரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவரும் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார். நான் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு முதல்முதலாக டிபன் கடைக்குப் போனேன். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். எட்டு மாதம் கழித்துக் கேட்கிறீர்களே என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் பெரிய பட்டியல் ஒன்றைச் சொன்னாள்.

எண்பதுகளின் நடுவில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ஊரை விட்டுக் கிளம்பிய அன்று அவர்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். மேனேஜர் என் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அது என்ன என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. விடைபெற்று அவர்கள் திரும்பி நடந்ததை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளுக்கு அப்போது நடந்தால் மூச்சு வாங்கும். அதை யாராவது கவனித்துவிட்டால் அவருக்குப் பிடிக்காது. பத்தடி போனதும் நின்றார். உடனே சாயக்காரரும் நின்று, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கத்துச் சுவரில் இருந்த எதையோ வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தார். அந்த அம்மாள் மறுபடி நடக்கத் தொடங்கிய பிறகுதான் படித்து முடித்தவர் மாதிரி நகர்ந்தார். எங்கள் பஸ் அந்தச் சுவரைக் கடந்துதான் போனது. அதில் ஒரு நோட்டீஸ்கூட இல்லை. வெறும் சுண்ணாம்புதான்.