டிரைவர் அண்ணாச்சியின் குயில்

எனக்குத் தெரிந்து, ஒரு மீனுக்காகப் பெண்டாட்டியிடம் உதை வாங்க இருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எழுபதுகளில் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கிளார்க். அவர் லாரி டிரைவர். குயில் அண்ணாச்சி என்றால்தான் ஆளைத் தெரியும்.

குயில் என்பது ஆற்றுமீன். மலையாளத்துக்காரர்கள் வைத்த பெயர். ஆள் நீளம் வளரும் என்பது அண்ணாச்சி கணக்கு. அதைப் பார்ப்பதற்காக லாரியைப் பாலத்தில் நிறுத்திவிடுவார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தாலும் நகர மாட்டார்.

“மழை விழுந்ததும் மேல ஏறும் தம்பி. கூழாங்கல்லுல முட்டை போட்டுட்டுக் கீழ எறங்கும். குஞ்சும் எறங்கும். வளந்து அதுவும் ஏறும்.”

“இப்ப நிக்கிறது ஏறுறதா, எறங்குறதா?”

வெகுநேரம் யோசிப்பார். “அதுதான் எனக்கும் கொழப்பமா இருக்கு.”

ஊருக்கும் குழப்பம்தான். ஒருநாள் டீக்கடையில், “குயிலப் பாத்துட்டு வாரேன். மினுமினுன்னு இருக்கா. பிரசவத்துக்குத்தான் வந்திருக்கா” என்றார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஞானம்மாவிடம் அந்தச் சேதி போய்ச் சேர்ந்தபோது அதில் மீன் இல்லை.

ஞானம்மா கூடையோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். “உண்மையச் சொல்லுங்க தம்பி, யாரு அந்தக் குயிலு?”

“அது மீன் அக்கா.”

“மீனுக்கு யாராவது பிரசவம் பாப்பாகளா?”

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆற்றைப் பார்த்து நடந்த ஞானம்மாவின் பின்னால் நானும் ஓடினேன்.

அண்ணாச்சி சட்டையோடு கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார். கரையில் இரண்டு பேர், கையில் பாறை உடைக்கிற தோட்டா. மடுவில் போட்டால் மீன் மொத்தமும் செத்து மிதக்கும். “கேறி வா சேட்டா” என்று அவர்கள் கெஞ்சினார்கள். குளிரில் பல் கிட்டித்தாலும் அவர் ஏறி வருவதாக இல்லை.

யாரைத் திட்டுவதென்று ஞானம்மாவுக்குப் புரியவில்லை. மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, “எம் புருசன் நிக்கிற தண்ணியிலயா வெடி போடுவீக? போடுங்க பாப்போம்” என்று தானும் இறங்கிவிட்டார். தோட்டாக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அப்போதுதான் இருவருக்கும் நடுவே பொன்னிற முதுகு ஒன்று மெல்லப் புரண்டது.

“இவளா குயிலு?”

“இவதான்.”

ஞானம்மா குனிந்து பார்த்தார். “வயித்துப்பிள்ளக்காரி மாதிரிதான் இருக்கா” என்றார்.

அண்ணாச்சி காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் எழுந்து நடமாடும்வரை, வேலை முடிந்ததும் நான் ஆற்றுக்குப் போய்ப் பார்த்து, “நல்லா இருக்கா அண்ணாச்சி” என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். சில நாள் தண்ணீர் கலங்கி ஒன்றுமே தெரியாது. அன்றைக்கும் அதையேதான் சொன்னேன்.