குத்திப் பார்க்கும் பட்டாபி

குத்திப் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே இருக்கிறது. அரசாங்கம் இவர்களைத் தனியாகக் கணக்கெடுத்ததில்லை. எடுக்கப் போனால், வந்த அதிகாரியின் தோல்பையில் தையல் விட்டிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து, விடாத தையலையும் விட வைத்துத்தான் அனுப்புவார்கள்.

இவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். காய்கறிக் கடையில் சுரைக்காயின் கழுத்தில் கட்டைவிரல் நகத்தைப் பதிப்பவர் இவர்; பதித்த காயை வாங்காமல் பதிக்காத காயைக் கேட்பவரும் இவரே. சுண்ணாம்பு லேசாக உப்பியிருக்கும் சுவரைக் கண்டால் போதும், நகத்தால் நெம்பி, பொட்டு அகலத்தைத் தாம்பாளம் அகலமாக்கி, உதிர்ந்ததைக் கையில் ஏந்திக்கொண்டு, "பார்த்தேளா, உள்ளே எவ்வளவு ஈரம்!" என்று வீட்டுக்காரருக்கே சேதி சொல்வார். வீட்டுக்காரர் முகம் போகிற போக்கைக் கவனிக்க மாட்டார். அடுத்த உப்பலைத் தேட வேண்டாமா?

கெட்டவர்களா என்றால், சத்தியமாக இல்லை. நல்லவர்கள். அதுதானே கஷ்டம்!

கொல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பின் முதல் மாடியில் வசிக்கும் பட்டாபிராமன் இந்த இனத்தில் ஒரு முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. கிடர்பூர் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சோதித்தே உத்தியோகம் முடித்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள். பட்டாபி மஞ்சள் கைப்பிடி போட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். மார்க்கெட்டில் அவர் தலை தெரிந்ததுமே காய்காரர்கள், "காக்கு, நோக் தேபேன் நா!" என்று கூவுவார்கள். மாமா, நகம் வைக்காதீங்க என்று அர்த்தம். பட்டாபி அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போவார்.

இப்படிப்பட்ட மனுஷர் கையில் கடவுள் எதைக் கொடுக்கக் கூடாது? துருப்பிடித்த ஒரு பழைய காரை. அதைத்தான் கொடுத்திருந்தார்.

கருநீலக் காண்டஸா. தெருவில் எல்லோரும் நாலு கியரில் நகர்ந்துகொண்டிருந்த காலத்தில் ஐந்து கியர் போட்டுப் பறந்த வண்டி. அரசியல்வாதிகளும் மில் முதலாளிகளும் ஏறிய அந்த ஜாதி வண்டியைப் பட்டாபி பதவி உயர்வு கிடைத்த ஜோரில் ஓர் ஏற்றுமதிக்காரரிடமிருந்து வாங்கினார். ஹூக்ளி மேல் புதுப் பாலத்தில் ஒரு தடவை அவர் அதை மிதித்த மிதியில் பக்கத்திலிருந்த மனைவி கோமளம் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் என்பது குடும்ப வரலாறு. பெண் மீரா பிறந்ததும் நர்ஸிங் ஹோமிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். எஞ்சினுக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் கொல்கத்தா மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும், தண்ணீரில் கார் நிற்கும், காரில் துரு நிற்கும். வருஷக்கணக்கில் நின்றது.

மீராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஹரீஷ், செக்டர் ஃபைவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை, கும்பகோணத்துக்காரன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து காரில் உட்கார வைத்து, நாதஸ்வரத்தோடு மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வர வேண்டும். அதற்கு வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் பேசலாம் என்று ஹரீஷின் வீட்டார் சொன்னார்கள்.

மீரா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, நான் முதல் முதல்ல வீட்டுக்கு வந்தது நம்ம வண்டியில. அவனும் நம்ம வண்டியிலதான் வரணும். வேற வண்டி வந்தா எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும்ப்பா. சொல்லிட்டேன்."

எதையும் கேட்காத பெண். தமிழில் இவ்வளவு நீளமாகப் பேசியதே அபூர்வம். கோபம் வந்தாலும் கொஞ்சினாலும் பெங்காலிக்குத் தாவிவிடுகிறவள். பட்டாபி அங்கேயே "நம்ம வண்டிதான் வரும், கவலைப்படாதே" என்று வாக்குக் கொடுத்தார்.

கிடர்பூரில் பிரிட்டோவின் பட்டறைக்கு வண்டி போனது. பிரிட்டோவுக்குப் பூர்வீகம் தூத்துக்குடி. வாய் ஓயாது, கையும் ஓயாது. வண்டியைச் சுற்றி வந்து, "ரன்னிங் போர்டு ரெண்டும் போயிட்டு, பின் மட்கார்டு வளைவு போயிட்டு, டிக்கி விளிம்பு போயிட்டு. மத்தபடி நல்ல வண்டி. தகடு வெட்டி வச்சுப் பத்தவச்சு, பட்டி போட்டு, பெயின்ட் அடிச்சுத் தந்துருதேன். ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க சார். வராதீங்க" என்றான்.

போகாமல் இருப்பாரா? மறுநாளே போனார்.

போனவர் கையில் ஸ்க்ரூடிரைவரோடு இன்னொரு சாமானும் இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பூரி ஜகந்நாதர் காந்தம். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். வெறும் பட்டி பூசி மெழுகிய இடத்தில் வழுக்கும். பட்டாபி ஜகந்நாதரைக் கதவில் வைத்தார், நின்றார். பானெட்டில் வைத்தார், நின்றார். பின் மட்கார்டில் வைத்தார். சரசரவென்று இறங்கித் தரைக்கு வந்துவிட்டார்.

"பார்த்தியா பிரிட்டோ? ஜகந்நாதரே நிக்க மாட்டேங்கறார்."

"சார், அது போன வருசம் நீங்களே கொண்டுபோய் வேற எங்கயோ போட்ட பட்டி. அந்த இடத்தை நான் இன்னும் தொடவே இல்ல."

"அப்போ உள்ளே எப்படி இருக்குன்னு பார்த்துடலாமே" என்றார் பட்டாபி. பிரிட்டோ "சார்!" என்று கத்துவதற்குள் குத்திவிட்டார். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது.

குத்திப் பார்ப்பவர்களுக்கென்று ஒரு வேதம் உண்டு. அதில் ஒரே ஒரு வாக்கியம்தான். 'குத்தினா ஓட்டை விழறதுன்னா, அங்கே ஏற்கெனவே ஓட்டை இருந்ததுன்னு அர்த்தம்.' இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? சொல்லிப் பாருங்கள். உங்கள் பதிலிலும் ஒரு இடம் உப்பியிருக்கிறது என்று கண்டுபிடித்துக் குத்துவார்கள்.

பிரிட்டோ ஒரு பக்கம் தகடு பற்றவைப்பான். பட்டாபி மறுபக்கம் போய்க் குத்துவார். அவன் மறுபக்கம் வருவான். இவர் டிக்கிக்குப் போயிருப்பார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கிய இடத்தில் விரலை ஓட்டி, கண்ணை மூடி, நாடி பார்க்கிற பாவனையில் நிற்பார். பிறகு "இங்கே ஏதோ சொல்றது" என்பார். சொல்லாத இரும்பையும் சொல்ல வைத்துவிடுவார். துர்கா பூஜை வந்தது, பந்தல் போட்டார்கள், பந்தல் பிரித்தார்கள், காளி பூஜையும் ஆனது. வண்டி மட்டும் செங்கல் மேல் நின்றது. கடைசியில் பிரிட்டோ வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான்.

"இது வண்டியா சார், இடியாப்பத் தட்டா? நான் ஒண்ணை அடைச்சா நீங்க ரெண்டு போடுதீங்க. எனக்கு உங்க மேல கோவம்லாம் இல்ல. பாப்பாவை நினைச்சாத்தான் சங்கடமா இருக்கு. இனி ஒரு குத்து விழுந்தாலும் நான் விலகிக்கிடுதேன். வெள்ளை வண்டியைப் பேசிக்கிடுங்க."

இது கோமளத்தின் காதுக்கு எட்டியது. அவள் கூச்சல் போடுகிறவள் இல்லை. ஸ்க்ரூடிரைவரை வாங்கி அரிசி டிரம்மின் அடியில் போட்டாள். ஜகந்நாதரை ஃப்ரிட்ஜில் மறுபிரதிஷ்டை செய்தாள்.

"ஏன்னா, ஜானவாசத்துக்குத் திறந்த கார்தான் விசேஷம்னு எங்காத்துல சொல்லுவா. இன்னும் ரெண்டு மாசம் விட்டா நீங்க கூரையையும் குத்தி எடுத்துடுவேள். அதுக்குத்தான் இந்தப் பிரயத்தனமா?"

"வழியில உடைஞ்சு நின்னா யாருக்குடி அவமானம்? குழந்தை ஆசைப்பட்டிருக்கா. உள்ளே இத்துப்போனதை வச்சுண்டு மேலே பெயின்ட் அடிச்சா அது ஏமாத்து இல்லையோ?" என்றார் பட்டாபி. அவருக்கு நிஜமாகவே பயம். மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஊர்வலம் போகும்போது மட்கார்டு கழன்று நாதஸ்வரக்காரர் காலில் விழுவதாகக் கனவே கண்டிருக்கிறார்.

பட்டறைப் பக்கம் போக அவருக்குத் தடை விழுந்தது. அவர் போகவில்லை என்ற ஒரே காரணத்தால் வேலை மளமளவென்று முடிந்தது. தை பிறந்தது, கல்யாண வாரத்தில் காண்டஸா வீடு வந்து சேர்ந்தது. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. எதிர் ஃபிளாட் மேக்னா பௌதி, நம் பாஷையில் மேக்னா அண்ணி, பால்கனியிலிருந்து, "கீ ஷுந்தோர்! என்ன அழகு!" என்று கன்னத்தில் கை வைத்தாள். மீரா வண்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பட்டாபியும் அழுதார். அழுதுகொண்டே விரலை மெல்ல டிக்கி விளிம்பில் ஓட்டினார்.

"அப்பா! ஆர் நா!" என்றாள் மீரா. போதும்ப்பா என்று அர்த்தம். "இனிமே தொட்டா, நான் ஹரீஷுக்கு ஃபோன் பண்ணி வெள்ளைக் காரே வரட்டும்னுடுவேன். ப்ராமிஸ் பண்ணு."

பண்ணினார். ஆனால் விரல் பண்ணவில்லையே? விரல் பார்த்துவிட்டது. பின் சக்கர வளைவுக்குக் கீழே, மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். அன்றிலிருந்து பட்டாபிக்குச் சோறு இறங்கவில்லை. பந்தியில் எத்தனை கூட்டு என்று கேட்டால், "பின் சக்கரத்துக்குக் கீழேயா?" என்றார்.

ஜானவாசத்தன்று மத்தியானம் எல்லோரும் மண்டபத்துக்குக் கிளம்பிப் போயாயிற்று. பட்டாபி பட்டு வேஷ்டி கட்டி, வண்டியைக் கோயிலுக்கு ஓட்டிப்போகத் தனியாகக் கீழே இறங்கினார். அரிசி டிரம் எட்டாவிட்டால் என்ன, கையில் வீட்டுச் சாவி இருக்கிறது; அதற்கும் கூர் உண்டு. லேசாக, மிக லேசாக, தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு. இரும்பு என்றால் 'டங்' என்று சொல்லும், நிம்மதியாகப் போகலாம். அவ்வளவுதானே? அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சாவியை நீட்டிக்கொண்டு பின் சக்கரத்தருகே குந்தினார்.

கொப்புளத்தைக் காணோம். அந்த இடத்தில் ஈரச் சந்தனமும் நடுவே குங்குமமுமாக ஒரு பொட்டு இருந்தது.

பட்டாபி விழித்தார். வண்டிக்குப் பொட்டு வைப்பதென்றால் பானெட்டில் வைப்பார்கள், முகப்பில் வைப்பார்கள். சக்கரத்துக்குக் கீழே எந்த சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது? எழுந்து டிக்கி பக்கம் போனார். விளிம்பின் ஓரத்தில், அவர் இரண்டு நாளாகச் சந்தேகப்பட்ட அதே இடத்தில் ஒன்று. கதவின் கீழ் மூலையில் ஒன்று. அது அவர் மனசுக்குள் மட்டும் வைத்திருந்த சந்தேகம். முன் கண்ணாடிக்கு அடியில் இன்னொன்று. இது அவருக்கே தெரியாதே! சாவி கையிலேயே நின்றது.

பின்னால் வளையல் சத்தம். கோமளம் மண்டபத்துக்குப் போகவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு படியில் நின்றிருந்தாள்.

"என்னடி இது? பொட்டை பானெட்டுலன்னா வைப்பா?"

"பானெட்டுல துரு இல்லையே" என்றாள் கோமளம்.

பட்டாபி சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"குத்துங்கோ. யார் வேண்டாம்னா? பொண்ணு கல்யாணமும் அதுவுமா, குங்குமத்து மேலே சாவியால குத்துங்கோ. நான் இங்கேயே நின்னு பார்க்கறேன்."

எந்தத் தகப்பனால் முடியும்? சாவியை மடியில் செருகிக்கொண்டு, மனைவியை முன் ஸீட்டில் ஏற்றிக்கொண்டு, பட்டாபி வண்டியைக் கிளப்பினார். மறக்காமல் ஐந்தாவது கியர் வரை போனார். பைபாஸில் காண்டஸா சீறியது. கோமளம் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜானவாசம் ஜாம்ஜாமென்று நடந்தது. மட்கார்டு விழவில்லை. நாதஸ்வரக்காரர் கால் பத்திரமாக இருந்தது. ஏறுக்கு மாறாக இருந்த பொட்டுகளைப் பார்த்து மேக்னா பௌதி இது என்ன உங்கள் ஊர் வழக்கமா என்று விசாரிக்க, யாரோ ஒரு மாமா திருஷ்டிக்காக என்று அடித்துச் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே அவள் காரிலும் பின் பம்பர் ஒடுங்கிய இடத்தில் குங்குமம் ஏறியது.

மண்டப வாசலில் வண்டி நின்றது. மீரா மேல்படியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்; காண்டஸாவைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்துக்காகத்தான் பட்டாபி இத்தனை நாள் பாடுபட்டார், மற்றவர்களைப் படுத்தினார். பெருமூச்சு விட்டு மாப்பிள்ளையைக் கண்ணாடியில் பார்த்தார். மாலையும் கழுத்துமாகப் பின் ஸீட்டில் இருந்த ஹரீஷ் இறங்காமல் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தான். கதவோரத்து ரப்பரை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான்.

"மாமா, இங்க கொஞ்சம் உப்பியிருக்கற மாதிரி இருக்கே. உள்ளே என்னன்னு பார்த்துடலாமா?"

பட்டாபிக்கு ஆனந்தத்தில் கண் நிறைந்தது. கோமளம் ஆரத்தி முடிந்ததும் நேரே படியேறி, கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை மீராவிடம் கொடுத்தாள்.

இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள், நல்லது. உங்களுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில், ஆணி அடிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாமல் சுவரின் ஒரு மூலையில் தாழ்வாக ஒரு காலண்டர் தொங்குகிறதே, அதை அங்கே மாட்டியது யார்? எதற்காக மாட்டினார்கள்?

வேண்டாம், உட்காருங்கள். அதைத் தூக்கிப் பார்க்காதீர்கள்.