ஆட்டத்தைச் செய்தவர் வாய் திறக்கக் கூடாது

இன்று சினேகா மறுபடியும் சந்தித்தது, கருத்துக் கேட்கும் இனத்தைச் சேர்ந்த ஒருவரை. அபூர்வமான இனம் என்று நினைத்துவிடாதீர்கள். கவிதை எழுதியவர், வீட்டுக்கு பிளான் போட்டவர், புதிதாகப் பிரியாணிக் கடை திறந்தவர் என்று தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஆசை ஆசையாய்க் கருத்துக் கேட்பார்கள். நாம் வாயைத் திறப்பதற்குள் அதற்கு மறுப்பும் சொல்லி முடித்திருப்பார்கள்.

தேனியில் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி ஜஸ்டின். பஜாரில் குடும்பத்து ஏலக்காய்க் கடை. மாடியில் சாக்குகளுக்கு நடுவே ஒரு மேஜை. மேஜை மேல் அவர் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கும் ஆட்டம். சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆட வேண்டும். காய் கிடையாது, ஜெயிப்பதும் கிடையாது. கையில் கோபம், பயம், வீம்பு, பாசம் என்று சீட்டுகள். பாத்திரத்துக்கு என்ன தோன்றுகிறதோ அந்தச் சீட்டைப் போட்டால்தான் கதை நகரும். திராட்சைத் தோட்டத்தைப் பங்கு பிரிக்கப் போகிற அண்ணன், அக்கா, தங்கை மூவரும் மலைப்பாதையில் ஜீப் பழுதாகி மாட்டிக்கொள்கிறார்கள். இதுதான் கதை. கேட்டாலே ஆட வேண்டும் போல் இருக்கிறதா? காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்து ஆறு தடவை சோதனை ஆட்டத்துக்கு வந்த சினேகாவுக்கு இன்னமும் அப்படித்தான் இருந்தது.

வரும் சனிக்கிழமை மதுரையில் புதிய ஆட்டங்களை ஆடிப் பார்ப்பவர்களின் கூட்டம். அங்கே யாரோ முன்பின் தெரியாதவர்கள் பெட்டியைத் திறந்து, தாங்களே படித்து, தாங்களே ஆட வேண்டும். பக்கத்தில் ஜஸ்டின் உட்கார முடியாது. அவர் இல்லாமல் ஆட்டம் ஓடுமா? அதைப் பார்க்கத்தான் ஏழாவது சோதனை. ஒரே விதி, அதுவும் அவரே எழுதியது: ஆட்டத்தைச் செய்தவர் வாய் திறக்கக் கூடாது.

திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. ஆனால் சினேகாவின் தோழி அபிதா பயச் சீட்டைத் தொட்டதும் ஜஸ்டின் தொண்டையைச் செருமினார், கோபத்துக்கு மாறியதும் கண்ணை மூடித் திறந்தார், கூடலூரில் ஜீப் ஓட்டும் மாரிசெல்வம் பாசத்தை எடுத்தபோதோ குறிப்பேட்டை மூடி, பேனாவை மூடி, நாற்காலியோடு அரையடி பின்னால் நகர்ந்து, விட்டத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். மாரிசெல்வம் பாசத்தைத் திரும்பக் கைக்குள் வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் யாரும் சீட்டைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஜஸ்டின் மூஞ்சியைப் பார்த்துத்தான் ஆடினார்கள். பாத்திரங்களின் உணர்ச்சியால் நகர வேண்டிய கதை, செய்தவரின் உணர்ச்சியால் ஜோராக நகர்ந்தது.

"அண்ணே, கீழ போயி ஒரு டீயப் போட்டுட்டு வாங்க," என்றாள் சினேகா.

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"நீங்க சொல்லல. உங்க மூஞ்சி மைக் வச்சுப் பேசுது."

"போப்பா," என்றார் மாரிசெல்வம். "செக்போஸ்ட்டுல வண்டிய நிப்பாட்டுன மாதிரி இருக்கு. எத எடுத்தாலும் உத்து உத்துப் பாக்குற."

ஜஸ்டின் எழுந்து போனார். அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? அண்ணனாக ஆடிய மாரிசெல்வம், வீம்புச் சீட்டை இரண்டு தடவை மேஜை வரை கொண்டுபோய்த் திரும்ப இழுத்துக்கொண்டார். பிறகு அதைக் குப்புற வைத்துவிட்டு, தங்கையாக ஆடிய அபிதாவைப் பார்த்தார்.

"கெணத்துப் பக்கத்து நெலத்த நீயே எடுத்துக்க ஆத்தா. ஒன் கல்யாணத்துக்கு வராம இருந்தேன்ல, அது தப்பு."

அபிதா பதிலுக்குச் சீட்டுப் போடவில்லை. அழுதுவிட்டாள். அக்காவாக உட்கார்ந்திருந்த சினேகாவால் மூக்கை உறிஞ்சத்தான் முடிந்தது. ஏலக்காய்ச் சாக்குகளுக்கு நடுவே, இல்லாத ஒரு தோட்டத்துக்காக மூன்று பேர் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் ஓடிவிட்டது.

கதவு திறந்தது. டீக்கடைக்கே போகாமல் படிக்கட்டில் நின்றிருந்தவர் உள்ளே வந்தார்.

"மாரியண்ணே, மன்னிப்புக் கேக்குறதுக்கு முன்னாடி வீம்ப மூணு தடவ போடணும். பக்கம் பன்னெண்டு."

"அது வரைக்கும் மனசு தாங்கலப்பா."

"தாங்கணும்ணே. அதான் ரூலு."

அபிதா இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜஸ்டின் குறிப்பேட்டில் 'விதி மீறல்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். பிறகு முகம் நிறையப் புன்னகையோடு கேட்டார். "சரி, எப்படி இருந்துச்சு? தாட்சண்யம் பாக்காம மனசுல பட்டதச் சொல்லுங்க."

"நீங்க இல்லாத இருவது நிமிசம் நல்லாருந்துச்சுண்ணே," என்றாள் சினேகா.

"அது ஏன்னா..." என்று ஆரம்பித்தார். மூன்று பேருடைய ஈரக் கண்களும் அவரையே பார்த்தன. வாக்கியத்தை விட்டுவிட்டுக் குறிப்பேட்டை மூடினார்.

"மதுரையில ஆடுறவுக அவுகளாவே ஆடுவாக," என்றாள் சினேகா. "பெட்டிய நான் கொண்டு போறேன். நீங்க இங்கனயே இருங்க."

வெகுநேரம் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தவர், கடைசியில் கொடுத்துவிட்டார். கூடவே 'சிறு விளக்கம்' என்று பதினொரு பக்கம் செருகியிருந்தார். படி இறங்குவதற்குள் சினேகா அதை உருவிவிட்டாள். மாரிசெல்வம் வாங்கி, ஜீப் கண்ணாடி துடைக்க வைத்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? போன வாரம் மீன் குழம்பு வைத்து, "உப்பு சரியா?" என்று கேட்டு, "கொஞ்சம் கூடிப்போச்சு" என்றவரிடம் அவர் நாக்கில்தான் கோளாறு என்று நிரூபித்தது யார்? சனிக்கிழமை மதுரைப் பக்கம் இருந்தால் போய் அந்த ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். யாருக்கு என்று யோசித்ததும் ஒரு முகம் ஞாபகம் வந்திருக்குமே, அவருக்குக் கட்டாயம் அனுப்புங்கள். அவரும் இந்நேரம் உங்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்.