ஏழு சைடு டிஷ், ஒரு நாற்காலி

செவ்வாய்க்கிழமை, சாயங்காலம்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள், தாங்கள் 'வாயாடி' என்று அன்புடன் திட்டுபவள், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். சுகமில்லாமல் போக வழியும் இல்லை, தாங்கள் எழுதி அனுப்பிய விருந்தைச் சாப்பிட்டது நாங்கள், தாங்கள் அல்ல. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு வயிறு சரியில்லை. எனக்கு வாய் சரியில்லை, அது பிறந்ததிலிருந்தே. அம்மாவுக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை. மற்றபடி நலம்.

அம்மா இருபது வருஷமாக இறால் கம்பெனியில் உரிக்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும், ஆனால் அந்தக் கொட்டகையைத் தாங்கள் பார்த்ததில்லை. எண்பது பெண்கள், நீளமான தகர மேசை, ஐஸ் தண்ணீர், எட்டு மணி நேரம் நின்ற நிலை. மொத்தக் கொட்டகைக்கும் இரண்டே நாற்காலி. ஒன்றில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பார். "உட்கார்ந்தா கை மெதுவாயிடும்" என்று அவர் சொல்வதே அதில் சாய்ந்துகொண்டுதான். இன்னொன்று எடை போடும் மேசைக்குப் பின்னால் இருக்கிறது. அதில் உட்கார்ந்து எடை போட்டுக்கொண்டிருந்த அக்கா இந்த மாதத்தோடு வேலையை விட்டுப் போகிறார். அந்த இடத்துக்கு யார் என்பது சூப்பர்வைசர் கையில், அம்மாவும் அவரிடம் கேட்டு வைத்திருந்தாள். அம்மாவுக்கு நகக்கண் எல்லாம் இறால் கொம்பு குத்திக் குத்திக் கறுத்துப்போய்விட்டது, சாயங்காலமானால் இரண்டு முட்டியும் பந்து மாதிரி வீங்குகிறது. பழக்கதோஷத்தில் வீட்டிலும் நின்றுகொண்டேதான் எல்லாம் செய்கிறாள். நாங்கள் கேட்டது பதவி இல்லை மாமா. பின்பக்கத்தை வைக்க ஒரு இடம்.

இந்த நேரம் பார்த்துச் சூப்பர்வைசர் அம்மாவிடம் வந்து, "நாற்பத்தாறு, உன் வீட்டுப் பூண்டு இறால் பிரமாதமாமே? வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்ல" என்றிருக்கிறார். நாற்பத்தாறு என்பது அம்மா. ட்ரேயில் ஒட்டுகிற சீட்டில் இருக்கும் எண்ணும் அதுதான், ஆளைக் கூப்பிடுகிற பெயரும் அதுதான். போன மழையில் கம்பெனி வேன் எங்கள் வாசலில் நின்றுபோனபோது, நனைந்து நடுங்கிய டிரைவர் அண்ணனுக்கு அம்மா ஒரு கைப்பிடி இறாலை வதக்கிக் கொடுத்தாள். அதை அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். நல்ல மனுஷன்தான், வாய்தான் என் வாய்.

இறால் அம்மா பாடு, அதில் யாருக்கும் கவலையில்லை. பூண்டு, உப்பு, மிளகு, எலுமிச்சை, எண்ணெய், அஞ்சே அஞ்சு சாமான், அளவு அவள் கைக்குத் தெரியும். கூட என்ன வைப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டோம். வெறும் சோறு போதும் என்றாள் அம்மா. நான்தான் கேட்கவில்லை. பெரிய ஓட்டலில் முப்பது வருஷம் வேலை பார்த்த மாமா இருக்கும்போது நாமே ஏன் யோசிக்க வேண்டும் என்று தங்களுக்கு எழுதினேன். நாலு பக்கத்தில் பதில் வந்தது. "பூண்டு இறாலுக்கு ஏழு சைடு டிஷ் இல்லாவிட்டால் அது விருந்தே இல்லை, விருந்தாளியை அவமானப்படுத்துவது" என்று தாங்கள் அடிக்கோடிட்டு எழுதியிருந்தீர்கள். நானும் என் ஜெராக்ஸ் கடையில் அதைப் பெரிதாக்கி எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டினேன்.

மாமா, ஒரு சந்தேகம், இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். தாங்கள் அந்த ஓட்டலில் இருந்தது சலவைப் பிரிவு அல்லவா? மேசைத்துணியையும் வாய் துடைக்கிற துணியையும் துவைத்து இஸ்திரி போட்டவர்தானே? அப்படியென்றால் எந்தச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும் என்பதை எங்கே பார்த்தீர்கள்? கறையில்! இறால் விருந்து நடந்த துணிகளில் பீட்ரூட் கறைதான் அதிகம், ஆகவே ஜனங்களுக்கு அதுதான் உயிர் என்று தாங்களே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பிடித்திருந்தால் வயிற்றுக்குள் அல்லவா போயிருக்கும்? துணிக்கு ஏன் வந்தது? துப்பியிருக்கிறார்கள் மாமா. முப்பது வருஷமாக ஊரார் துப்பியதைத் துவைத்து, அதையே பட்டியல் போட்டு எங்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்குக் கொட்டகையைக் கழுவி விடுவார்கள், ஆனாலும் வேலை நிற்கக்கூடாதாம், அதனால் காலையில் வேன் வந்து வீட்டு வீட்டுக்கு ட்ரே இறக்கிவிட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு உரித்ததை எடுத்துக்கொண்டு போகும். லீவு நாளில் வேலையே நம்மைத் தேடி வீட்டுக்கு வருகிற கம்பெனி அது. அம்மாவுக்கு வழக்கம்போல நாலு நீல ட்ரே. ஓட்டோடு நாலு ட்ரே இறால் உரித்தால் மூணு ட்ரேக்குச் சுருங்கிவிடும், நாலாவது காலியாகத் திரும்பிப் போகும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் மாமா, நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

மதியம் ஆரம்பித்தோம். உங்க பட்டியலில் உள்ள மசித்த உருளைக்கிழங்கு பெரிய அண்டாவைப் பிடிச்சுக்கிச்சு. பீட்ரூட்டை வேகவைத்த பாத்திரம் சாகும்வரை சிவப்பாகத்தான் இருக்கும். காலிபிளவர் ரெண்டு வாணலி, மக்காச்சோளம் குக்கர், வெண்ணெய் நூடுல்ஸ் பால் பாத்திரம். ரொட்டி வாட்டத் தோசைக்கல். வெள்ளரிக்காய் சாலட்டுக்குப் பாத்திரமே இல்லாம புது வாளி ஒண்ணைக் கழுவி அதுல போட்டேன். இந்த நேரத்தில் அப்பா வந்து, "எல்லாம் சரி, சோறு எங்கே?" என்றார். "பட்டியல்ல சோறு இல்லப்பா." "சோறு இல்லாம ஒரு சாப்பாடா? உங்க மாமன் துணி துவைக்கிறவன், அவனுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிக் கடைசியாக இருந்த ஒரே சட்டியையும் அவர் சோற்றுக்கு எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் ரெண்டு பேரும் சட்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, அம்மா நாலு ட்ரே கம்பெனி இறாலையும் மூணு ட்ரேயாக உரித்து முடித்து, விருந்துக்கென்று சந்தையில் வாங்கின இறாலையும் சுத்தம் செய்து, அஞ்சு சாமானும் போட்டுப் பிசைந்துவிட்டு, எதில் ஊறவைப்பது என்று சுற்றிப் பார்த்தாள். வீட்டில் ஒரு கிண்ணம்கூட மிச்சமில்லை. தரையில் காலி நீல ட்ரே ஒன்று இருந்தது. கழுவித் துடைத்து, இறாலைப் பரப்பி, ஐஸ் போட்டு, மூடினாள்.

அஞ்சு மணிக்கு வேன் ஹாரன் அடிச்சது. அவ்வளவுதான் மாமா. அந்தச் சத்தம் கேட்டா அம்மாவுக்கு மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். இருபது வருஷப் பழக்கம். நாலு மூடியிலும் நாற்பத்தாறுன்னு சீட்டு ஒட்டினா, நாலையும் தூக்கிட்டுப் போய்க் கொடுத்தா. நாலு கொடுத்தாங்க, நாலு வந்துச்சு, டிரைவர் அண்ணன் திறந்து பார்க்கவா போறார்? அந்த ஒரு நிமிஷத்துல அம்மாவுக்கு வாசல்லேயே ஏதோ உறைச்சிருக்கு, "இருங்க தம்பி"ன்னு வாயைத் திறந்திருக்கா. அதுக்குள்ள நம்ம அப்பா, ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு, இன்னும் கண்டக்டர்தான், வேன் பக்கத்துல ரெண்டு தட்டுத் தட்டி "போலாம் ரைட்!"ன்னார். வேன் போயிடுச்சு. "என்னம்மா?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல, என்னமோ மறந்த மாதிரி இருந்துச்சு"ன்னுட்டு உள்ளே போய் உங்க பீட்ரூட்டைத் தோல் சீவ ஆரம்பிச்சுட்டா.

ஏழு மணிக்குச் சூப்பர்வைசர் வந்தார். அப்பா வாசலிலேயே நின்று, "உள்ள வாங்க, உள்ள வாங்க, முன்னாடி இடம் இருக்கு" என்று கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்று. அது அவருக்கு. நாற்காலி கேட்கக் கூப்பிட்ட ஆளுக்கு இருந்த நாற்காலியையும் கொடுத்துவிட்டு மூணு பேரும் நின்றோம். ஒவ்வொரு சைடு டிஷ்ஷாகக் கொண்டுவந்து வைத்தேன். அவர் காலிபிளவரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். உருளைக்கிழங்கைச் சுண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். "பரவாயில்ல" என்றார். இறால் தேறியதா இல்லையா என்று சொல்லும் அதே குரல். எதையும் சாப்பிடவில்லை, இறாலுக்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தார் போல.

"எல்லாம் இருக்கு. நாற்பத்தாறு, இறால் எங்கே?"

எங்க வீட்டுக்குள்ளேயே வந்து உக்காந்து, எங்க அம்மாவை, நாற்பத்தாறாம்! நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன், அப்பா காலை மிதிச்சார். அம்மா அடுப்படிக்குப் போனா. ரொம்ப நேரம் வரல. சட்டி உருட்டுற சத்தம், வாளி உருட்டுற சத்தம். அப்புறம் வெறுங்கையோட வந்து நின்னா.

"அனுப்பிட்டேங்க."

"அனுப்பிட்டியா? எங்கே?"

"உங்களுக்குத்தாங்க. அஞ்சு மணி வேன்ல."

அவர் முகத்தைப் பாக்கணுமே மாமா. முதல்ல கிண்டல் பண்றோம்னு நினைச்சார். அப்புறம் புரிஞ்சதும் இன்னும் மோசம். பூண்டு தடவின இறால் அவருடைய சுத்தமான சரக்கோட சரக்கா, அவருடைய குளிர் அறையில், நாற்பத்தாறுன்னு சீட்டோட கிடக்குது. "வெளியூர்ல இருந்து சரக்கு வாங்குற ஆள் நாளைக்கு ருசி பாக்க வர்றான், அறைக்குச் சீல் வச்சாச்சு, இனி அவன் கண்ணு முன்னாடிதான் திறக்கணும். ஒரு ட்ரே நாறினா மொத்தமும் போச்சு. நாற்காலி கேட்டியா நீ? நிக்கிற இடமே இருக்கான்னு புதன்கிழமை ஆபீசுக்கு வா, சொல்றேன்" என்று எழுந்தார். போகிற போக்கில் ஒரு ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கோபத்திலும் பசி தெரிகிறது பாருங்கள்.

அன்றிலிருந்து நாங்கள் சைடு டிஷ்தான் சாப்பிடுகிறோம். காலையில் பீட்ரூட், மதியம் பீட்ரூட். அம்மா நேற்றும் இன்றும் வேலைக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள், பக்கத்தில் நிற்கும் நாற்பத்தேழு அழுதாளாம், இவள் அழவில்லையாம். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. இறாலை உரிக்கிறவளுக்கு உட்கார இடமில்லை, உரித்ததைத் தின்கிறவனுக்கு ஏழு சைடு டிஷ் வேண்டும், அதையும் உரித்தவளே செய்ய வேண்டும். இதில் பாதிக் குற்றம் அந்தக் கம்பெனி மேல். மீதிப் பாதி உங்கள் மேல். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் சட்டி இருந்திருக்கும், சட்டி இருந்திருந்தால் ட்ரே எதற்கு?

ஆகவே தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது, இனி ஜென்மத்துக்கும் எங்களுக்கு எந்தப் பட்டியலும் எழுதி அனுப்ப வேண்டாம். அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். அத்தைக்கு என் முழு வணக்கம், தங்களுக்குப் பாதி. பெரியவர் என்பதால் தங்கள் ஆசியையும் கேட்டுக்கொள்கிறேன், அதை வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், யோசனை எதுவும் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்,
வாயாடி

பின்குறிப்பு: புதன்கிழமை மதியம். தபாலில் போடுறதுக்குள்ள டிரைவர் அண்ணன் கடைக்கு ஓடி வந்தார். மாமா, மேலே இருக்கிறதை எல்லாம் அடிச்சுட்டதா நினைச்சுக்கோங்க, திருப்பி எழுத நேரமில்ல. திங்கட்கிழமை ருசி பாக்க வந்த ஆள் அத்தனை ட்ரேயிலயும் நம்ம ட்ரேயைத்தான் கையில எடுத்திருக்கான். சமைச்சுக் கொடுத்ததும் மொத்தத்தையும் வழிச்சுத் தின்னுட்டு, எல்லாச் சரக்கும் இதே மாதிரிதான் வேணும்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டானாம். ரெண்டு நாளா வாயே திறக்காத சூப்பர்வைசர் இன்னிக்கு அம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, "அம்மா"ன்னாராம், முதல் தடவையா, "அம்மா, அதுல என்னென்ன போட்டீங்க?"ன்னு கேட்டாராம். நம்ம அம்மா, இருபது வருஷமா நின்னுக்கிட்டே எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருந்தவ, "நின்னுக்கிட்டு இருந்தா எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்குதுங்க"ன்னாளாம். எடைமேசை நாற்காலி வந்துச்சு. உக்காந்து, பூண்டுன்னு சொன்னா. அடுத்தது என்னன்னு கேட்டதுக்கு, "நாற்பத்தேழு அங்க நிக்கிறதைப் பாத்தா மறந்துபோகுதுங்க"ன்னாளாம். ஆபீஸ் ரூம்ல இருந்து ஒரு ஸ்டூல் போச்சு. உப்புன்னு சொன்னா. இன்னொரு ஸ்டூல், மிளகு. இனி அம்மா கையில மிச்சம் எலுமிச்சையும் எண்ணெயும்தான். அதுக்கப்புறமும் எழுபத்தஞ்சு பேர் நின்னுக்கிட்டிருக்காங்க மாமா. உடனே உக்காந்து ஒரு பட்டியல் எழுதுங்க, எந்தக் கறையா இருந்தாலும் சரி, இறாலுக்குள்ள போட எழுபத்தஞ்சு சாமான் வேணும். பீட்ரூட்டும் இருக்கட்டும்.