நங்கூரம் எடுக்கும் பல் ஆஸ்பத்திரி

செலவு செய்தே செல்வம் சேர்த்த மகான் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் என் வீட்டுக்காரர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வருங்காலச் சந்ததிக்குத் தகவலாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அவரிடம் ஒரு 'கேஷ்பேக்' கிரெடிட் கார்டு இருக்கிறது. நூறு செலவு செய்தால் இரண்டு திரும்பி வரும். அந்த இரண்டுக்காக அவர் நூறு நூறாகச் செலவழித்து, அயராமல் உழைத்து வருகிறார். அந்த உழைப்பின் பலனாக எங்கள் வீட்டில் ஆளுக்கு நாலு குடை இருக்கிறது. யாரும் ஏறாத நடைபயிற்சி மெஷின் ஒன்று இருக்கிறது. அதில் குடைகள் காய்கின்றன.

போன மாதம் நங்கூரப் படம் போட்ட பழைய கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு தபாலில் வந்தது. கூடவே பேங்கிலிருந்து ஒரு கடிதம். 'உங்கள் கார்டு மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று ஆரம்பித்தது. அவர் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார். பாராட்டுக் கடிதத்தை முழுக்கப் படிப்பது தற்பெருமை அல்லவா? பிறகு கார்டின் முன்பக்கம் பூராவும் கருப்பு டேப்பை ஒட்டினார். சிப் மட்டும் வெளியே தெரிந்தது.

"நம்பர் யார் கண்ணுலயும் படக்கூடாது. அதான் செக்யூரிட்டி" என்றார். ஒட்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். 'யார் கண்ணிலும்' என்பதில் தன் கண்ணும் அடக்கம் என்று கருதுகிற நேர்மை அவருடையது.

இந்த நேரம் பார்த்து என் கடைவாய்ப் பல் கெட்டுப்போய்க் கன்னம் வீங்கியது. வாயைத் திறக்க முடியவில்லை. பேச்சு நின்றுபோனது. எங்கள் வீட்டு நிர்வாகத்துக்கு இதனால் பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை.

நாங்கள் குடியிருக்கிற கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறார். படியிறங்கினால் அவருடைய நாற்காலி. இறங்கினோம்.

"உக்காருங்கம்மா. எந்தப் பல்லு?"

"அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி" என்றார் இவர். "உங்க மெஷின் எந்த நெட்வொர்க்?"

"இதுவா? குதிரைப் படம் போட்ட கார்டு மட்டும்தான் எடுக்கும்."

"நம்மது நங்கூரமாச்சே!"

"அதனால என்ன சார், காசா குடுத்துடுங்க."

"காசா?" குழந்தைகள் இருக்கிற இடத்தில் சொல்லக்கூடாத வார்த்தையைக் கேட்டவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். "காசு குடுத்தா கேஷ்பேக்கை யார் தருவா?"

"அம்மா கன்னத்தைப் பாருங்க சார். இன்னிக்கே எடுத்தாகணும். விட்டா சீழ் தாடைக்குள்ள இறங்கிடும்."

"எடுத்துடலாம், எடுத்துடலாம். நங்கூரத்துல எடுத்துடலாம்."

நான் கைப்பையைத் திறக்கப் போனேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

வாசலில் நிற்கவைத்து எனக்கு விஷயத்தை விளக்கினார். "பேங்க்ங்கறது கார்டுக்குப் பொறந்த வீடு மாதிரி. நெட்வொர்க்தான் புகுந்த வீடு. புகுந்த வீட்டு ஆளுங்க எங்க இருக்காங்களோ, அங்கதான் அதுக்கு மரியாதை. புரியுதா?"

"ம்ம்" என்றேன். வேறு எழுத்து எதுவும் என் வாயிலிருந்து வரவில்லை.

போனில் துழாவி, நங்கூரம் எடுக்கும் பல் ஆஸ்பத்திரி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. டாக்சி பிடித்தார்.

"எங்க சார் போகணும்?"

"நங்கூரம் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு."

"கப்பல்ல வேலை பாக்கிறவங்க ஆஸ்பத்திரியா?"

வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் என் பல் தனியாக ஏறித் தனியாக இறங்கியது. டாக்சிக்குக் காசாகத்தான் கொடுத்தார். வரப்போகிற கேஷ்பேக்கைப் போல அது பல மடங்கு. ஆனால் அது 'போக்குவரத்து' என்றும், இது 'மருத்துவம்' என்றும், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது பாமரத்தனம் என்றும் தெரிவித்தார்.

நங்கூர ஆஸ்பத்திரி முன்பணம் கட்டினால்தான் உள்ளே விடும். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் இவர் கார்டைக் கொடுத்தார். அவள் அதை மெஷினில் செருகினாள். மெஷின் கத்தியது. மறுபடி செருகினாள். மறுபடி கத்தியது.

"எடுக்கலை சார். இது எந்த நெட்வொர்க்?"

"நங்கூரம்மா! பரம்பரையா நங்கூரம்!"

"டேப்பை எடுத்துட்டுப் பாக்கலாமா?"

"விளையாடறியா? செக்யூரிட்டிம்மா அது!"

பேங்குக்கே போன் போட்டார். போனின் ஸ்பீக்கரை அலறவிட்டார், வரவேற்பறை முழுவதும் பயன்பெறட்டும் என்று.

"வணக்கம் சார். உங்க கார்டு எந்த நெட்வொர்க்னு தெரிஞ்சுக்க, கார்டோட முன்பக்கம் வலது மூலையில பாருங்க சார்."

"பாக்க முடியாது. பாதுகாப்புக் காரணம்."

"யார்கிட்டருந்து பாதுகாப்பு சார்?"

இவர் திரும்பி நாலு பக்கமும் எதிரியைத் தேடினார். அந்த இடைவெளியில் வரவேற்புப் பெண் நகத்தால் டேப்பின் மூலையைக் கிளப்பி உரித்துவிட்டாள்.

கார்டின் மூலையில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

"மேம்படுத்திட்டோம்னு லெட்டர் அனுப்பியிருந்தோமே சார், அதுலயே நெட்வொர்க் மாறினது இருக்கும்" என்றது போன். கார்டுக்குப் புகுந்த வீடே மாறியிருந்தது.

வேறு யாராவது இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது.

"அடியே, நம்ம வீட்டுக்குக் கீழயே குதிரை இருக்கு! எழுந்திரு, எழுந்திரு. கடை சாத்தறதுக்குள்ள போயிடலாம்!"

நான் எழுந்திருக்கவில்லை.

"அதே பல்லுதானே? அங்க போய் எடுத்துக்கலாம். ரெண்டு பர்சென்ட்டும் வந்துடும்."

கைப்பையைத் திறந்தேன். இந்தத் தடவை அவர் பிடிப்பதற்குள் காசை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். அந்தப் பெண் எண்ணிப் பார்த்து ரசீது போட்டாள். என் வீட்டுக்காரர் அந்த நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிணத்தைத் தூக்கும்போது சொந்தக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"போச்சே" என்றார். "திரும்பி வரவே வராதே."

கார்டை என் முன்னாலேயே கைக்குட்டையால் துடைத்தார். டேப் பசை ஒட்டியிருந்த இடத்தை ஊதி ஊதி, வலிக்காமல் தேய்த்தார். கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு மென்மை அந்தக் கைக்கு உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு அதைச் சட்டைப் பையில் வைத்து, நெஞ்சோடு ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

"உள்ள போலாம்மா, டாக்டர் கூப்பிடறாங்க" என்றாள் வரவேற்புப் பெண். பேனாவை எடுத்தவள், "துணைக்கு வந்தவங்க பேரு எழுதணும். இவரு யாரும்மா, உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

வலியைப் பல்லுக்கே விட்டுவிட்டு, அன்று முழுவதும் திறக்காத வாயைத் திறந்தேன்.

"இல்லம்மா. அந்தக் கார்டோட வீட்டுக்காரர்."